விழி மூடா நித்திரை

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களில் பலர், நள்ளிரவில் ஏதோ காரியமாக எழுந்து, போகிற போக்கில் தொட்டி விளக்கைப் போட்டுப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார்கள். மாலை வரையில் நீலமும் சிவப்பும் பளிச்சிடக் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்த நியான் டெட்ரா மீன்கள், அந்த நீலக் கோடு இருந்ததுதானா என்று ஐயுறும்படி நிறம் மங்கி, திசைக்கொன்றாகச் சிதறி, நீரின் நடுவில் அசையாமல் நிற்கின்றன. அடியில் கிடக்கும் மரக்கட்டையின் மறைவிலோ, ஆரஞ்சு மேனியில் கறுப்புப் பட்டை போட்ட கிளவுன் லோச் ஒன்று ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் செவுள் மூடி அசைவதுகூடக் கூர்ந்து பார்த்தாலன்றித் தெரிவதில்லை. செத்துவிட்டது என்றே முடிவு கட்டி, எடுத்துப் போடுவதற்காக வலையை உள்ளே விட்டால், வலையின் விளிம்பு மேனியில் பட்ட கணமே அது துள்ளி நிமிர்ந்து கட்டைக்கு அப்பால் பாய்ந்து மறைகிறது. விடிந்து பார்க்கையில் நியான்களின் நீலம் திரும்பியிருக்கிறது. லோச்சும் தன் கூட்டத்தோடு சேர்ந்து அடிமணலைக் கிளறி இரை தேடுகிறது.

இரவில் அம்மீன்கள் எந்த நிலையில் இருந்தன? உறங்கின என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கடினம் விளங்கும். மனிதன் உறங்குவதை அவன் இமை மூடியதைக் கொண்டு அறிகிறோம். நாயையும் பூனையையும் அவ்வாறே. நம் தொட்டிகளில் வாழும் மீன்களுக்கோ மூடுவதற்கு இமையே இல்லை. முட்டையை விட்டு வெளிவந்த நாள் முதல் இறக்கும் வரையில், ஒளியிலும் இருளிலும், அவற்றின் விழி திறந்தபடியே இருக்கிறது. உடல் முற்றிலும் ஓய்ந்துபோவதும் இல்லை. நீரில் மிதக்கும் மேனியைச் சமன்செய்ய மார்புத் துடுப்புகள் மெல்ல அசைந்துகொண்டிருக்க வேண்டும், மூச்சுக்காகச் செவுள்களின் வழியே நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கண் மூடாத, முழுவதும் அசைவற்றும் போகாத ஒரு ஜீவனை உறங்குகிறது என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு சொல்வது?

மீனின் இமையா விழி நம் நாட்டாரின் கருத்தை வெகு காலமாகவே கவர்ந்துவந்திருக்கிறது. மதுரையில் கோயில்கொண்ட அம்மைக்கு மீனாட்சி என்னும் திருநாமம் அமைந்ததற்குப் பொருள் சொல்லும் பெரியோர், மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே குஞ்சாக்குவதுபோல அவள் கண்ணிமையாமல் உயிர்களைக் காக்கிறாள் என்பார்கள். சைவ நூல்களில் நயன தீட்சைக்கு மீனும், ஸ்பரிச தீட்சைக்குப் பறவையும், மானச தீட்சைக்கு ஆமையும் உவமைகளாக வரும். இமை மூடாத கண்ணைக் கண்டவர்கள் உறங்காத காவலை அதில் கண்டது இயல்பே. அந்தக் காவலைப் பற்றிய ஓர் உண்மையை, முட்டையிட்ட மீனின் இரவைப் பற்றிப் பேசுமிடத்தில் மீண்டும் பார்ப்போம்.

தோற்றம் கைவிட்ட இடத்தில் நடத்தையைத்தான் பரிசோதிக்க வேண்டும். உறக்கம் என்பதை உடலியல் நோக்கில் வரையறுக்கும் முயற்சி, ஆன்ரி பியரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1913-இல் வெளியிட்ட நூலிலேயே தொடங்கிவிட்டது. அதன் பின் வந்தவர்கள் அதைச் சிறுகச் சிறுகத் திருத்தி, இமையையோ மூளை மின்னலைகளையோ நம்பாமல் எந்தப் பிராணிக்கும் பொருந்தக்கூடிய அளவுகோல்களை அமைத்தார்கள். பிராணி நாளின் குறிப்பிட்ட வேளையில், தனக்கே உரிய இடத்தில், தனக்கே உரிய நிலையில் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது முதற்படி. இது மட்டும் போதாது. பதுங்கியிருக்கும் வேட்டை மீனும் அசையாமல்தான் இருக்கிறது, ஆனால் அதன் புலன்கள் அனைத்தும் விழிப்பின் உச்சியில் இருக்கின்றன. ஆகையால், விழித்திருக்கும்போது மீனைத் திரும்பிப் பார்க்கச் செய்கிற சிறு தூண்டுதல் அந்நிலையில் பலிக்காமல், அதைவிட வலிய தூண்டுதல் தேவைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். புறவுலகுக்கும் புலனுக்கும் நடுவே உள்ள இந்தத் தடையின் உயரத்தை விழிப்பு வரம்பு என்று சொல்லலாம். வரம்பு உயர்ந்திருந்தாலும், போதிய அளவு தூண்டினால் உடனே முழு உணர்வும் திரும்ப வேண்டும். மயக்கத்துக்கும் குளிரால் விறைத்த நிலைக்கும் உறக்கத்துக்கும் உள்ள வேற்றுமை அதுவே. மேலே கண்ட லோச் மீன், வலை படும் வரையில் கிடந்ததும், பட்டவுடன் பாய்ந்ததும், இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் ஒருங்கே விடை சொல்லிவிட்டது.

கடைசி அளவுகோல்தான் எல்லாவற்றிலும் கடினமானது. என் கருத்தில் மிகவும் அழகானதும் அதுவே. ஓய்வு வெறும் சோம்பலாக இருக்குமானால், அதைத் தடுத்தால் பிராணிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, பிற்பாடு அதைத் தேடவும் தேடாது. உடலுக்கு இன்றியமையாத உறக்கமாக இருந்தால், இழந்த அளவை அது பிறகு ஈடுகட்டிக்கொள்ள முயலும். இரவு முழுவதும் கண்விழித்தவன் மறுநாள் பகலில் அயர்ந்து தூங்குவது இதனால்தான். இவ்வாறு பின்னர் கூடுதலாக வருவதை ஈட்டுறக்கம் என்று அழைப்போம். ஒரு மீனிடம் ஈட்டுறக்கம் காணப்பட்டால், அதன் இரவு ஓய்வு ஒரு தேவையை நிறைவேற்றுகிறது என்பது உறுதிப்படும்.

இந்த அளவுகோல்களைக் கையில் எடுத்துக்கொண்டு மீன்களை அணுகியவர்களுள் முன்னோடிகளான ஷபிரோ, ஹெப்பர்ன் என்னும் இருவர், 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தது நமக்கு நன்கு பழகிய மீன். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் ஏரி குளங்களிலெல்லாம் பெருகி, சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று விலைபோகிற அதே திலாப்பியாதான் அது. இரவில் அம்மீன்கள் அடித்தரைக்கு இறங்கி அமர்ந்தன. மூச்சின் வேகம் தணிந்தது. விழிகள் சுழல்வதை நிறுத்தின. பகலில் அவற்றை உடனே ஈர்க்கும் இரையும், மெல்லிய மின்தூண்டுதலும் இரவில் அவ்வளவு விரைவில் அவற்றை அசைக்கவில்லை. 1985-இல் ஐரீன் டோப்லர், அலெக்சாண்டர் போர்பெலி ஆகிய சுவிட்சர்லாந்து அறிஞர்கள் மேலும் ஒரு படி சென்று, தங்கமீனையும், கான்விக்ட் சிக்லிட் என்று தொட்டிக்காரர்கள் அழைக்கும் மத்திய அமெரிக்க மீனையும் ஓயவிடாமல் தடுத்து, அதன் பின் அவற்றின் அசைவு எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். இழந்த ஓய்வுக்கு ஈடாக அசைவு குறைந்தது. தங்கமீன் உறங்குமா என்று கேட்கும் குழந்தைக்கு, உறங்கும் என்று மனச்சாட்சியோடு விடை சொல்ல அன்றிலிருந்து நமக்கு ஆதாரம் உண்டு.

ஆனால் இருளில் நடப்பதை இவர்களெல்லாம் எப்படிப் பார்த்தார்கள்? பார்ப்பதற்கு ஒளி வேண்டும். ஒளியைப் போட்டால் பார்க்க வந்த பொருளே மாறிவிடும். இது சிறு சங்கடம் அன்று. மீன்களின் இரவைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதிலேயே அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

மீனின் விழித்திரையிலும், நம்முடையதில் இருப்பது போலவே, மங்கிய ஒளியை உணரும் கோல் உயிரணுக்களும், நல்ல ஒளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு உயிரணுக்களும் உண்டு. நம் கண், ஒளி மிகும்போது கண்மணியைச் சுருக்கிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் கண்மணி சுருங்குவதில்லை. அதற்கு மாறாக, அவற்றின் விழித்திரைக்குள்ளேயே ஓர் இடமாற்றம் நிகழ்கிறது: பகலில் கோல் உயிரணுக்கள் நீண்டு, பின்புறமுள்ள கருநிறமிப் படலத்துக்குள் புதைந்து, வெயிலிலிருந்து மறைந்துகொள்ள, கூம்புகள் குறுகி முன்வந்து நிற்கின்றன, இரவில் கூம்புகள் பின்வாங்க, கோல்கள் நிறமித் திரையை விட்டு வெளியே வந்து கிடைக்கும் சொற்ப ஒளியையும் ஏற்கின்றன. இந்த மாற்றம் நிமிஷத்தில் முடிவதன்று. அரைமணியோ ஒரு மணியோ பிடிக்கும். விளக்கைக் கண்ட பின்தான் அது தொடங்குகிறது என்பதும் இல்லை. விடியலுக்கு முன்னரே, இருளிலேயே, கூம்புகள் பகலுக்கு உரிய இடத்தை நோக்கி நகரத் தொடங்குவதைச் சில மீன்களில் கண்டிருக்கிறார்கள். எனவே நள்ளிரவில் தொட்டி விளக்கைச் சட்டென்று போடுகிறவர், திரையின்றி வெளிப்பட்டு நிற்கும் கோல்களின்மேல் பகல் முழுவதையும் ஒரே கணத்தில் கொட்டிவிடுகிறார். மீன்கள் வெறிகொண்டு ஓடிக் கண்ணாடியில் மோதிக்கொள்வதும், மூடி இல்லாத தொட்டியிலிருந்து எகிறித் தரையில் விழுவதும் இதனால்தான்.

சிவப்பு விளக்கைப் பயன்படுத்தினால் மீனுக்குத் தெரியாது என்று தொட்டிக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஆழ்கடலின் பல மீன்களைப் பொறுத்தவரை அது சரி. நன்னீர் மீன்களுக்கு அது பொருந்துவதில்லை. ஆறு குளங்களின் கலங்கிய நீரில் நீல ஒளி விரைவில் அழிந்து செவ்வொளியே எஞ்சி உலவுவதால், அங்கு வாழும் மீன்களின் கண் சிவப்பைக் காண நன்கு பழகியது. தங்கமீனின் ஒருவகைக் கூம்பு உயிரணு, மனிதக் கண்ணின் எந்தக் கூம்பைக் காட்டிலும் சிவப்பின் பக்கம் தள்ளி உணரக்கூடியது. நாம் மங்கல் என்று எண்ணிப் போடும் சிவப்பு விளக்கு அதற்கு நல்ல விளக்காகவே இருக்கலாம். ஆகவே ஆராய்ச்சிக்கூடங்கள் சிவப்பையும் கடந்து, அகச்சிவப்புக் கதிர்களுக்குச் சென்றன. வீட்டு வாசலிலும் கடைகளிலும் மாட்டப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் இரவில் வீசுகின்றனவே, சுமார் 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர், அதைப் போன்றதைக் கொண்டு ஒளியூட்டி, அதை உணரும் கேமராவால் பதிவுசெய்தால், மீனின் இருளுக்குப் பங்கம் வராமல் நாம் அதைக் காண முடியும். நீர் அகச்சிவப்பை விரைவில் விழுங்கிவிடுவதால், இந்த உபாயம் ஆற்றிலும் கடலிலும் எடுபடாது. ஓரடி அகலமுள்ள தொட்டிக்கு நன்றாகப் போதும். அத்தகைய கேமரா ஒன்றைத் தொட்டிக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மறுநாள் பதிவை ஓடவிட்டுப் பார்க்கும் எவரும், கண்ணால் பல ஆண்டுகள் பார்த்தும் அறியாததைச் சில மணி நேரத்தில் அறிந்துகொள்வார்.

ஜீப்ரா டேனியோ என்று கடைகளில் விற்கப்படும் விரல்நீள வரிக்குதிரை மீனின் உறக்கத்தை அளந்தது இவ்வகைக் கேமராவே. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் இம்மீனை, பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் முதன்முதலாக விவரித்தார். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் அதைப் பரம்பரையியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதிலிருந்து, உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் எலிக்கு அடுத்த ஸ்தானம் அதற்குக் கிடைத்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எமானுவேல் மின்யோவின் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வளர்ந்த வரிக்குதிரை மீன் அசையாமல் நிற்கத் தொடங்கி 6 விநாடி கடந்தாலே அதன் விழிப்பு வரம்பு உயர்ந்துவிடுகிறது என்று தெரியவந்தது. அப்போது வால் துடுப்பு சற்றே தொய்ந்து, உடல் அடித்தரையை ஒட்டியோ நீர்மட்டத்தை ஒட்டியோ நின்றது. மெல்லிய மின்தூண்டுதலால் இரவெல்லாம் தொந்தரவு செய்யப்பட்ட மீன்களிடம் ஈட்டுறக்கமும் காணப்பட்டது. 6 விநாடி என்பது நமக்கு ஒரு பெருமூச்சின் நேரம். மீனின் இரவு இப்படிப்பட்ட சின்னஞ்சிறு துண்டுகள் பல சேர்ந்ததாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பொறுமையுள்ள ஒரு கருவியின்றி யார் கண்டிருக்க முடியும்?

நியான் டெட்ராவின் நிறம் எங்கே போயிற்று என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அமேசான் நதியின் மேற்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டு 1936-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட இம்மீனின் நீலக் கோட்டில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. அங்குள்ள உயிரணுக்களுக்குள், குவானைன் என்னும் பொருளால் ஆன மிக மெல்லிய ஸ்படிகத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கின்மேல் விழும் வெள்ளொளியில், இடைவெளிக்கு ஏற்ற ஒரு நிறம் மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகிறது. இடைவெளி மாறினால் நிறம் மாறும். பகலில் நீலப்பச்சையாக இருக்கும் கோடு, இருளுக்குப் பழகிய மீனில் ஊதாவுக்கு நகர்ந்து மங்கிவிடுவதை 1982-இல் லித்கோ, ஷாண்ட் என்னும் இருவர் அளந்து காட்டினர். இடைவெளி எவ்வாறு மாறுகிறது என்பது பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. பழைய வீட்டுச் சன்னல்களில் குறுக்குப் பலகைகளை வரிசையாகப் பொருத்தி, ஒரு குச்சியை இழுத்தால் எல்லாம் ஒருசேரச் சாயும்படி செய்திருப்பார்கள் அல்லவா? பலகைகளின் முனைகள் சட்டத்தில் இருந்த இடத்திலேயே இருக்க, அவை சாயச் சாய ஒன்றுக்கொன்று நெருங்கும். நியானின் ஸ்படிகத் தகடுகளும் அப்படியே ஒருசேரச் சாய்கின்றன. இருளில் அவை சாய்ந்து நெருங்குவதால், திரும்பும் ஒளி நீலப்பச்சையை விட்டு ஊதாவின் பக்கம் செல்கிறது. விளக்கைப் போட்டால் சில நிமிஷங்களில் தகடுகள் நிமிர்ந்து நீலம் திரும்பிவிடும். நியானுக்கு நிறம் மங்கும் கொடிய நோய் ஒன்றும் உண்டாகையால், வளர்ப்பவர் அஞ்சுவது வீண் அன்று. ஆனால் இரவில் மங்கி, ஒளி கண்டு சற்று நேரத்தில் தெளியும் நிறத்துக்காக மருந்து ஊற்ற வேண்டியதில்லை. பென்சில் மீன் என்னும் மற்றொரு தென்னமெரிக்க மீன், பகலில் உடல் நெடுக ஓடும் கரிய கோட்டை இரவில் அழித்துவிட்டு, அதற்குப் பதிலாகத் திட்டுத்திட்டான குறிகளை அணிந்துகொள்கிறது. பார்ப்பவர் வேறு இன மீன் என்றே எண்ணுவார்.

விளக்கு அணைந்த பின் எல்லா மீன்களும் ஓய்ந்துவிடுவதில்லை. பகலெல்லாம் கல்லிடுக்கில் முடங்கிக் கிடந்த சக்கர் மீன் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டப் புறப்படும். நம் ஆற்று மணலில் வாழும் அயிரையும் கெளுத்தியும் மீசைகளால் தரையைத் தடவிக்கொண்டு வெளிவரும். இவற்றுக்கு இரவில் கண் அவ்வளவாகத் தேவையில்லை. மீசையின் சுவையுணர்வும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பும் போதும். பக்கக்கோட்டில் வரிசையாக அமைந்த நுண்மயிர் உறுப்புகள் நீரின் மிக மெல்லிய அசைவையும் உணர்ந்து, அருகில் வருவது இன்னது என்று அறிவிக்கின்றன. எந்த மீன் எந்த வேளைக்கு உரியது என்பதை நிர்ணயிப்பது உடலுக்குள் இருக்கும் உயிர்க் கடிகாரம். மீன்களின் கடிகாரம் வினோதமானது. வரிக்குதிரை மீனின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தனியே எடுத்து வளர்த்தால், கண்ணும் மூளையும் இல்லாமலே அவை நேரடியாக ஒளியை உணர்ந்து தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன என்று 2000-இல் விட்மோர், ஃபோக்ஸ், சஸோன்-கோர்சி மூவரும் காட்டினார்கள். அந்தக் கடிகாரம் உறக்கத்தை வரவழைக்கும் வழிகளுள் ஒன்று, மூளையின் உச்சியில் உள்ள பினியல் உறுப்பு இருளில் சுரக்கும் மெலட்டோனின்; அதைச் சுரக்க முடியாதபடி பிறந்த வரிக்குதிரை மீன் குஞ்சுகள் இரவில் ஏறத்தாழப் பாதி உறக்கமே கொள்கின்றன என்பது 2015-இல் வெளிவந்த முடிவு. தங்கமீனோ கடிகாரம் இருந்தும் கட்டுப்பாடு குறைந்தது. ஒரே தொட்டியில் ஒன்று பகலில் இரை தேடும், மற்றொன்று இரவில் தேடும், இன்னொன்று சில வாரங்களில் வேளையையே மாற்றிக்கொள்ளும்.

முட்டையிட்ட மீனின் இரவுக்கு இப்போது வருவோம். டோப்லரும் போர்பெலியும் ஓய்வின் தேவையை நிரூபித்தார்களே, அதே கான்விக்ட் சிக்லிட் மீன், கல்லின்மேல் முட்டையிட்டுவிட்டால் என்ன செய்கிறது என்று கனடாவில் ஸ்டெஃபான் ரீப்ஸ், பாட்ரிக் கோல்கன் இருவரும் இருளில் பார்த்தார்கள். மற்ற நாட்களில் விளக்கணைந்தவுடன் ஓய்ந்துவிடும் தாய், இப்போது ஓயவில்லை. இரவு முழுவதும் முட்டைகளின்மேல் நின்று மார்புத் துடுப்புகளால் நீரை விசிறிக்கொண்டே இருந்தது. முட்டைக்குள் வளரும் கருவுக்குப் பிராணவாயு பகல், இரவு என்று பார்த்து வேண்டியிருப்பதில்லை அல்லவா? குஞ்சுகள் பொரித்து நீந்தத் தொடங்கிய பின்னரோ, பெற்றோர் மாலையில் அவற்றை வாயால் கவ்விக் கொண்டுவந்து மணலில் தோண்டிய குழியில் சேர்க்கின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் விளக்கை முன்னறிவிப்பின்றி அணைத்தாலும், அணையும் வேளை நெருங்கும்போதே இந்தச் சேகரிப்பு தொடங்கிவிடுவதை ரீப்ஸ் 1994-இல் வெளியிட்டார். மீன் பார்வையால் குஞ்சாக்கும் என்று நம் பெரியோர் சொன்னபோது, இமையாக் கண்ணின் இடைவிடாத கவனத்தையே அவர்கள் கருத்தில் கொண்டார்கள். கும்மிருட்டில் பார்வை உதவாது. அங்கே அந்தக் கவனம் துடுப்பில் இறங்கி வேலை செய்கிறது. உறக்கத்தைத் தேவையாகக் கொண்ட ஒரு ஜீவன் அதை இரவுக்கு இரவு விட்டுக்கொடுக்கிறது என்று அறியும்போது, இந்தச் சிறு மீனின்பால் எனக்கு உண்டாகும் மதிப்பை மறைக்க விரும்பவில்லை.

உறங்கும் மீனின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் இப்போது பார்க்க முடிகிறது. வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மேனி உடையது. நரம்பணு ஒன்று வேலை செய்யும்போதெல்லாம் ஒளிரும்படி அதன் மரபணுவில் ஏற்பாடு செய்துவிட்டால், மண்டையைத் திறக்காமலே மூளை முழுவதையும் நுண்ணோக்கியில் காணலாம். ஸ்டான்ஃபோர்டில் லூயி லியூங், ஃபிலிப் மூரென் முதலியோர் இவ்வாறு பார்த்து, குஞ்சுகளின் உறக்கத்தில் இரண்டு வகை நிலைகள் இருப்பதாக 2019-இல் அறிவித்தார்கள். ஒன்றில் நரம்பணுக்கள் மெல்ல ஒருசேர எழுந்து அடங்குகின்றன. மற்றொன்றில் ஓர் அலை மூளையினூடே பரவிச் செல்ல, தசைகள் தளர்கின்றன. மனிதனின் ஆழ்ந்த உறக்கத்துக்கும் கனவுறக்கத்துக்கும் இவை ஓரளவு நிகரானவை. கனவுறக்கத்தில் நம் விழிகள் சுழல்வதுபோல மீனின் விழி சுழல்வதில்லை. மனிதனும் மீனும் கிளை பிரிந்து சுமார் 45 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பதை நினைத்தால், நம் படுக்கையில் இரவுதோறும் நிகழ்வது எவ்வளவு பழமையானது என்று வியக்கத் தோன்றுகிறது. மீன் கனவு காண்கிறது என்று இதைக் கொண்டு சொல்லிவிடலாகாது. நிலைகள் ஒத்திருப்பதை அலைகள் காட்டும். அனுபவத்தை அவை காட்டுவதில்லை.

இவ்வளவு பழமையான, இவ்வளவு அவசியமான ஒன்றைச் சில மீன்கள் பெரும்பாலும் துறந்துவிட்டிருக்கின்றன. மெக்சிகோவின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் குருட்டு டெட்ரா, கடைகளில் எளிதில் கிடைக்கிற மீன். அதன் உறவினமான ஆற்று மீனுக்குக் கண் உண்டு. டூபுவே, கீன், போரோவ்ஸ்கி மூவரும் 2011-இல், குகை மீன்கள் ஆற்று மீன்களைக் காட்டிலும் மிகக் குறைவாகவே உறங்குகின்றன என்றும், வெவ்வேறு குகைகளில் தனித்தனியே வாழ்ந்த கூட்டங்களிலும் இவ்வாறே உறக்கம் குறைந்திருக்கிறது என்றும் கண்டார்கள். இரண்டு வகையையும் கலந்து பிறந்த குஞ்சுகள் குகை மீனின் பக்கமே சாய்ந்தன. இரவும் பகலும் ஒன்றான, இரை அரிதாக வந்து சேரும் இடத்தில், வரும் இரையைத் தவறவிடாமல் விழித்திருப்பதே லாபம் என்று இதற்குக் காரணம் கூறுவார்கள்.

மின்யோவின் குழுவினர் கண்ட மற்றொரு விஷயமும் உண்டு; தொட்டி வைத்திருப்பவர்கள் யாவரும் அதை அறிந்திருப்பது நல்லது. வரிக்குதிரை மீன்களை விளக்கொளியிலேயே தொடர்ந்து வைத்திருந்தபோது, அவற்றின் உறக்கம் பெரும்பாலும் ஒழிந்துபோயிற்று. மின்தூண்டுதலால் உறக்கம் இழந்த மீன்கள் காட்டிய ஈட்டுறக்கம், ஒளியால் இழந்தவற்றிடம் இருள் திரும்பிய பின்னும் காணப்படவில்லை. ஒளி மீனின் உறக்கத்தை நேரடியாகவே அடக்கிவிடுகிறது. உணவு விடுதிகளிலும் நகைக்கடைகளிலும் அலங்காரத்துக்காக இரவும் பகலும் விளக்கெரியும் தொட்டிகளில், மீன்கள் வெளிப்பார்வைக்குச் சுறுசுறுப்பாகவே இருக்கும். சோர்ந்து விழுந்து தம் குறையைத் தெரிவிக்க மாட்டா. அந்த விளக்குகளுக்கு, மாலையில் அணைந்து காலையில் எரியும்படி ஒரு டைமரைப் பொருத்துவது சில நூறு ரூபாய்க் காரியம். வீட்டுத் தொட்டிகளுக்கும் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர ஒளி போதும், செடிகள் இருந்தாலும்கூட. காலையில் முதலில் அறையின் சன்னலைத் திறந்தோ அறை விளக்கைப் போட்டோ மங்கலான வெளிச்சம் தந்து, அரைமணி கழித்துத் தொட்டி விளக்கைப் போட்டால், கூம்பும் கோலும் இடம்மாறிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். செடிகள் அடர்ந்த தொட்டியில் ஒன்று மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: இருளில் செடிகளும் மீன்களோடு சேர்ந்து பிராணவாயுவைச் செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன்தான் நீரில் அது மிகவும் குறைந்திருக்கும். அந்த வேளையில் மீன்கள் நீர்மட்டத்தில் திரண்டு வாயைத் திறந்து திறந்து மூடினால் அது உறக்கமும் அன்று, பசியும் அன்று, மூச்சுத் திணறலே. இரவில் சத்தம் கேட்கிறதென்று நிறுத்திவைத்த காற்றுப் பம்பை உடனே ஓடவிட வேண்டும்.